ஒழுக்கத்துக்கு மூன்று ஸ்டென்ட்

சலவைக்கூடம் அந்தப் பெரிய ஓட்டலின் தரைக்குக் கீழே இரண்டாவது அடுக்கில் இருந்தது. மேலே விருந்தாளிகள் படுத்து எழுந்த விரிப்புகள் எல்லாம் ஒரு அகலமான குழாய் வழியாக அங்கேதான் வந்து விழும். ஜன்னல் கிடையாது. சுவரில் ஒரு மின்விசிறி உண்டு. ஒரு மூலையில் இருக்கும் சூட்டை எடுத்து இன்னொரு மூலையில் வைப்பதுதான் அதன் வேலை.

அங்கே நீராவி உருளையின் முன்னால் பதினான்கு வருஷமாக நிற்கிறவளை எல்லோரும் உருளைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஈர விரிப்பின் ஒரு ஓரத்தை அவள் பிடிப்பாள், மறு ஓரத்தை நெட்டை என்கிற தோழி பிடிப்பாள். இருவரும் சேர்ந்து அதைக் கொதிக்கிற உருளைக்கு ஊட்ட வேண்டும். அந்தப் பக்கம் விரிப்பு காகிதம் மாதிரி மொடமொடவென்று வந்து விழும். நாளைக்குப் பத்து மணி நேரம். உட்கார ஒரு முக்காலி கூடக் கிடையாது. உருளை ஒரு நிமிஷம் வெறுமனே சுற்றினால் மேற்பார்வையாளர் எங்கிருந்தோ முளைத்துவிடுவார். அவருக்குக் கடிகாரம் என்று பட்டப்பெயர்.

உருளைக்காரிக்கு வயது நாற்பத்தொன்பது. சர்க்கரை வந்து பதினோரு வருஷம். "எங்கம்மா விட்டுட்டுப் போன சொத்து இது ஒண்ணுதான், பத்திரமா வச்சிருக்கேன்" என்பாள். "டாக்டர் உருளைக்கிழங்கத் தொடாதேங்கிறார். என் பொழப்பே உருளையோடதான்னு அந்த மனுஷனுக்கு யார் சொல்றது?" என்று அவள் சொன்னால் கூடமே சிரிக்கும்.

சிரிப்பு ஒரு பக்கம். கழிப்பறைக்குப் போவதென்றால் சுவரில் ஆணியில் தொங்கும் ஒரு மரவில்லையைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். பத்தொன்பது பெண்களுக்கு ஒரே வில்லை. சர்க்கரை உள்ளவளுக்கு மணிக்கு ஒரு தரம் முட்டும். கடிகாரத்தின் முறைப்பை வாங்கிக் கட்டிக்கொள்வதைவிடத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதே மேல் என்று அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள். இன்சுலின் கதை அதைவிட மோசம். டாக்டர் சொன்ன அளவு போட்டுக்கொண்டால் பதினொரு மணிக்கெல்லாம் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும், கண் இருட்டும். கண் இருட்டி உருளையின் மேல் கையை வைத்தால் முழங்கை வரை வெந்துவிடும். சர்க்கரை ஏறினால் அப்படி ஒன்றும் ஆவதில்லை, வெளியே தெரிவதுமில்லை. அதனால் பாதி அளவுதான் போட்டுக்கொள்வாள். இதை எந்த டாக்டரிடமும் அவள் சொன்னதில்லை, எந்த டாக்டரும் அவளிடம் என்ன வேலை என்று கேட்டதில்லை.

கணவன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. மகளைக் கட்டிக் கொடுத்தது தூர ஊரில். பக்கத்தில் இருக்கிற சொந்தம் கூடப் பிறந்த அக்கா ஒருத்திதான். ஒரே தாயின் வயிற்றில் பிறந்து, ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். அக்கா நிறமாக இருந்தாள், காப்பீட்டுக் கம்பெனி அதிகாரி ஒருவர் பெண் கேட்டு வந்தார். அன்றிலிருந்து இருவர் வாழ்க்கையும் வெவ்வேறு படிக்கட்டில் ஏறியது. இன்னும் சரியாகச் சொன்னால், ஒருத்தி ஏறினாள், மற்றவள் தரைக்குக் கீழே இரண்டு அடுக்கு இறங்கினாள்.

அந்த அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கும் சர்க்கரை உண்டு. ஆனால் அவருக்கு அது வியாதி இல்லை, பட்டம். மணிக்கட்டில் நடையை எண்ணும் கடிகாரம், காலில் மேகத்தைத் தைத்தது போன்ற செருப்பு, கையில் எப்போதும் வெள்ளரித் துண்டு போட்ட டப்பா. பணி ஓய்வுக்குப் பிறகு அவர் ஒரு புத்தகம் எழுதித் தானே அச்சடித்துக்கொண்டார். சர்க்கரையை அடக்கிய கதை. அட்டையில் அவரே கையைக் கட்டிக்கொண்டு, சர்க்கரை காலடியில் கிடப்பது போல நிற்பார். கம்பெனி கம்பெனியாகப் போய் வாய் கிழியப் பேசுவதும் வழக்கமாகிவிட்டது.

அவர் வீட்டுக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் கேக், சாக்லேட், பிஸ்கட் எதையும் அவர் உள்ளே விடுவதில்லை. "நம்ம வீட்டுல இதெல்லாம் விஷம்" என்பார். அக்கா அதையெல்லாம் ஒரு பையில் கட்டித் தங்கையிடம் கொடுத்தனுப்புவாள். தங்கைக்கும் அதே வியாதிதான் என்பது அந்த வீட்டில் யாருக்கும் உறைத்ததே இல்லை. உருளைக்காரி பேசாமல் வாங்கிக்கொண்டு போய்க் கூடத்தில் பங்கு போடுவாள். "விஷம் வந்திருக்கு, ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க" என்பாள். தனக்கும் ஒன்று எடுத்துக்கொள்வாள்.

ஒரு திங்கட்கிழமை கடிகாரம் உருளையை நிறுத்தச் சொன்னார். எல்லோரும் மேலே விருந்து மண்டபத்துக்கு வர வேண்டும், ஆரோக்கிய நாள் என்றார். பதினான்கு வருஷத்தில் உருளை பகலில் நின்றது அன்றுதான். மண்டபத்துக்குள் நுழைந்ததும் உருளைக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவளுடைய அத்தான்.

அவர் அவளைப் பார்த்தார். பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. பார்வை அவள் மேல் விழுந்து, விழுந்த வேகத்தில் அடுத்த வரிசைக்குத் தாவிவிட்டது.

"நோய்னு ஒண்ணு கிடையாது. சோம்பல்னு ஒண்ணுதான் உண்டு" என்று ஆரம்பித்தார். "லிஃப்டுல போகாதீங்க, படியேறுங்க" என்றார். கீழ்த்தளத்துப் பெண்களுக்கு லிஃப்டைத் தொடவே அனுமதி இல்லை. "சும்மா உட்கார்ந்தே இருக்காதீங்க, எழுந்து நில்லுங்க" என்றார். நெட்டை உருளைக்காரியின் விலாவில் இடித்தாள். "மூணு நிறத்துல காய்கறி, ஏழு மணி நேரத் தூக்கம், நாற்பது நிமிஷ நடை. நான் செஞ்சேன். இருபது வருஷமா எனக்குச் சர்க்கரை. என் இதயம் முப்பது வயசுப் பையனோட இதயம்" என்று சொல்லி மார்பைத் தட்டினார்.

அந்த மார்புக்குள் இருப்பது என்னவென்று மண்டபத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், காலைச் சாப்பாடு முடிந்த கையோடு, அவருக்குத் தாடை வலித்தது. கழுத்தில் ஐஸ் தண்ணீராக வியர்த்தது. இருபதாவது நிமிஷம் காரில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். ஒரு மணி நேரத்துக்குள் மேஜையில் படுக்க வைத்து, அடைத்துப்போன ரத்தக்குழாய்களுக்குள் சின்னச் சின்ன கம்பிவலைக் குழாயாக மூன்று ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்தபின் அக்காவுக்கு உதவியாக அங்கே பதினைந்து நாள் பாத்திரம் துலக்கி, அவருக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தது உருளைக்காரிதான். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அவர் ஒரே கதையை ஒரே மாதிரி சொல்வார். "நெஞ்சு வலிக்கவே இல்ல சார். சர்க்கரைக்காரனுக்கு நரம்பு மரத்துப் போயிருமாம். நெஞ்சு அழுதா தாடைதான் குரல் குடுக்கும்னு டாக்டர் சொன்னார்." உருளைக்காரிக்கு அந்தக் கதை மனப்பாடம். புத்தகத்தில் மட்டும் அந்த அத்தியாயம் இல்லை.

பேச்சு முடிந்ததும் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். ஆரோக்கிய உறுதிமொழி. தினமும் நடப்பேன், காய்கறி உண்பேன், நன்றாகத் தூங்குவேன், கவலைப்பட மாட்டேன், என் உடல்நலத்துக்கு நானே பொறுப்பு. கையெழுத்துப் போட்டால் ஒரு ஆப்பிளும் தருவார்கள். எல்லோரும் போட்டார்கள். உருளைக்காரியும் போட்டாள். ஆப்பிளைக் கடித்துக்கொண்டே படியிறங்கும்போது, "கவலைப்பட மாட்டேன்னு எழுதிக் குடுத்தாச்சு. இனிமே கவலைப்பட்டா போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடும்" என்றாள்.

ஒன்பதாவது நாள் காலை பதினொரு மணிக்கு அவளுக்குத் தாடை வலித்தது.

முதலில் கடைவாய்ப் பல் என்று நினைத்தாள். பிறகு இடது தோள் கனத்தது. அந்தக் கூடத்தில் வியர்க்காதவளைத்தான் சந்தேகப்பட வேண்டும், அதனால் அவள் வியர்வை யார் கண்ணுக்கும் படவில்லை. ஆனால் பிடரியில் இறங்கிய வியர்வை குளிர்ந்திருந்தது. அவள் விரிப்பைக் கைவிட்டாள். பாதி விரிப்பு உருளைக்குள் கோணலாகப் போய்ச் சுருண்டது.

"நெட்டை, எனக்கு அத்தானுக்கு வந்தது வந்திருக்குடி."

கடிகாரம் ஓடி வந்தார், உருளையைப் பார்க்க. "என்னம்மா இது? வில்லைய எடுத்துக்கிட்டுப் போ, முகத்தக் கழுவிட்டு வா" என்றார். ஓட்டல் மருந்தறைக்குப் போனால், அங்கிருந்த நர்ஸ் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, வாயுத் தொல்லை என்று ஒரு வெள்ளை மாத்திரையைச் சப்பக் கொடுத்தாள்.

உருளைக்காரி மாத்திரையைத் துப்பினாள். நெட்டையின் தோளைப் பிடித்துக்கொண்டு, குப்பை ஏற்றும் பின்வாசல் வழியாக வெளியே போனாள். போகும்போது கடிகாரம் பின்னாலிருந்து, "அரை நாள் சம்பளம் போயிடும், ரெண்டு பேருக்கும்" என்று கத்தியது காதில் விழுந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவன் தலையைத் தூக்காமலே, "என்ன வியாதி?" என்றான். நெட்டை பதற்றத்தில் "சர்க்கரை" என்று சொல்லிவிட்டாள். சர்க்கரைப் பிரிவுக்கு அனுப்பிவிட்டான். அங்கே ஐம்பது பேர் வரிசை. நெட்டை கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு அவளை உள்ளே கொண்டுபோனாள். மேஜைக்குப் பின்னால் பயிற்சி டாக்டர் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மகள் வயது இருக்கும், தூங்கி இரண்டு நாள் ஆன முகம். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள்.

"சாப்பாட்டுல கட்டுப்பாடே இல்லையாம்மா? சர்க்கரை முந்நூத்தி எண்பது."

"டாக்டரம்மா, எனக்கு மாரடைப்பு. ஈ.சி.ஜி. எடுங்க."

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல."

"அப்புறம் எப்படி மாரடைப்பு?"

"சர்க்கரைக்காரிக்கு நரம்பு மரத்துப் போயிரும். நெஞ்சு அழுதா தாடைதான் குரல் குடுக்கும். பணக்கார ஆஸ்பத்திரில பெரிய டாக்டர் ஒருத்தர் சொன்னது. நான் கூட இருந்து கேட்டேன்."

"ஈ.சி.ஜி.க்கு அந்தப் பிரிவுல சீட்டு வாங்கணும். வெளியில உட்காருங்க, கூப்பிடுறோம்."

ஈ.சி.ஜி. கட்டில் திரைக்குப் பின்னால் தெரிந்தது. உருளைக்காரி நேராகப் போய் அதில் ஏறி மல்லாந்து படுத்துக்கொண்டாள். அட்டெண்டர் வந்து எழுந்திரு என்றான். அவள் இரண்டு கையாலும் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பதினான்கு வருஷம் ஈரவிரிப்பு இழுத்த கை, அவனால் ஒரு விரலைக் கூடப் பிரிக்க முடியவில்லை.

"எடுத்துப் பாருங்க. ஒண்ணும் இல்லேன்னா என்னப் போலீசுல குடுங்க. எடுக்காம நான் இந்தக் கட்டில விட்டு எறங்க மாட்டேன்" என்று கத்தினாள்.

வெளியே வரிசையில் நின்றவர்களும் "எடுங்கம்மா, எடுத்துத்தான் பாருங்களேன்" என்று குரல் கொடுத்தார்கள். பயிற்சி டாக்டர் வேண்டாவெறுப்பாக எழுந்து வந்தாள். தாள் நீண்டுகொண்டே வந்தது. பாதித் தாளிலேயே அவள் முகம் மாறிவிட்டது. அதன்பிறகு எல்லோரும் ஓடினார்கள். தள்ளுவண்டி வந்தது, ஊசி வந்தது, ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்து வந்தது.

மறுநாள் பயிற்சி டாக்டர் தானாகவே கட்டிலருகே வந்து நின்றாள். குரல் இறங்கியிருந்தது. "நீங்க அப்படிப் படுத்துக்கிட்டதுதான் நல்லதாப் போச்சு. இன்னொன்னும் சொல்லணும். இது முதல் தடவை இல்லம்மா. இதயத்துல பழைய தழும்பு ஒண்ணு தெரியுது. மூணு நாலு மாசத்துக்கு முன்னாடி ஒண்ணு வந்துட்டுப் போயிருக்கு. உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

உருளைக்காரி யோசித்தாள். ஒரு நாள் காலையில் காரணமே இல்லாமல் வாந்தி வந்தது. கால் துணி மாதிரி துவண்டது. வில்லையை எடுத்துக்கொண்டு போய், கழிப்பறைத் தரையில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்து சாயங்காலம் வரை உருளைக்கு ஊட்டினாள். பதினைந்து நிமிஷம் தாமதம் என்று கடிகாரம் நோட்டில் எழுதிக்கொண்டார். அவளுக்கு வந்த முதல் மாரடைப்புக்கு உலகத்தில் இருக்கும் ஒரே சான்று அந்த நோட்டுதான்.

நாலாம் நாள் அக்காவும் அத்தானும் பார்க்க வந்தார்கள். அத்தான் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டே வார்டுக்குள் வந்தார். உட்கார்ந்ததும் கைக்குட்டையை எடுத்துவிட்டுப் பேச்சை ஆரம்பித்தார்.

"நான் அத்தனை தரம் சொன்னேனேம்மா. நடைன்னு ஒண்ணு உண்டா உனக்கு? காய்கறின்னு ஒண்ணு உண்டா? உடம்ப நாம மதிச்சாத்தானே உடம்பு நம்மள மதிக்கும்? ஒழுக்கம் வேணும்மா."

பக்கத்துக் கட்டில்காரிகள் பெரிய டாக்டர் போலிருக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தார்கள். அவர் உற்சாகமாகி அவர்களுக்கும் சேர்த்துப் பேசினார். கடைசியில் புத்தகம் ஒன்றை எடுத்துத் தலையணை அருகே வைத்தார். உருளைக்காரி அதன் அட்டையைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை எடுத்து, ஆடிக்கொண்டிருந்த கட்டில் காலுக்கு அண்டக் கொடுக்கும்படி, துணைக்கு வந்திருந்த நெட்டையிடம் கொடுத்தாள். நெட்டை மறுபேச்சில்லாமல் குனிந்து செருகினாள். கட்டில் ஆட்டம் நின்றது.

"இப்பத்தான் உபயோகமா இருக்கு" என்றாள் உருளைக்காரி.

அத்தான் முகம் சிறுத்தது. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. உருளைக்காரிக்கு அத்தான் மேல் இருந்ததைவிட அந்த மௌனத்தின் மேல்தான் அதிகம் பற்றிக்கொண்டு வந்தது. வாயிருந்தும் வாயில்லாதவள் என்று மனதுக்குள் திட்டினாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரத்தில் ஓட்டலிலிருந்து கடிதம் வந்தது. சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்புக்கு அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். தர முடியாது என்றார்கள். கையெழுத்திட்ட உறுதிமொழியின்படி அவள் தன் உடல்நலத்தைப் பேணவில்லை, இது பணியால் வந்த நோயல்ல, கவனக்குறைவால் வந்தது, வேண்டுமானால் நேரில் வந்து விளக்கம் சொல்லலாம் என்று எழுதியிருந்தது.

அவள் போனாள். மேலே குளிரூட்டிய அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் ஆபீஸ் மேடம், அவள் பக்கத்தில் கடிகாரம். மூன்றாவது நாற்காலியில், ஓட்டலின் ஆரோக்கிய ஆலோசகர் என்று, வெள்ளரி டப்பாவோடு அத்தான். அங்கேயும் அவளைத் தெரியாதவர் போலத்தான் உட்கார்ந்திருந்தார்.

ஆபீஸ் மேடம் நல்ல மாதிரியாகவே பேசினாள். அப்படிப் பேசிப் பேசியே இந்தப் பதவிக்கு வந்தவள். "நாங்க உங்கமேல அக்கறை இல்லாம இல்ல. ஆனா நீங்க ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்திருக்கீங்க. தினமும் நாற்பது நிமிஷம் நடந்தீங்களா?"

"காலைல நாலரைக்கு எழுந்திரிக்கிறேன். பஸ்ஸுல நின்னுக்கிட்டு வரேன். இங்க பத்து மணி நேரம் நிக்கிறேன். திரும்பவும் பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் போறேன். நடுவுல எங்க நடக்கச் சொல்றீங்க, உருளைக்கு மேலயா?"

"நிக்கிறது வேற, நடக்கிறது வேற" என்றார் அத்தான், மேடத்தைப் பார்த்து. "பல பேர் பண்ற தப்பு இது. முறையா வாழ்ந்தா சர்க்கரைக்காரருக்கு இதய நோய் வரவே வராது. என் அனுபவத்துல சொல்றேன்."

உருளைக்காரி அவரை நேராகப் பார்த்தாள். "அப்படியா அத்தான்?" என்றாள்.

மேடம் தலையைத் தூக்கினாள். "அத்தானா?"

"எங்கக்கா வீட்டுக்காரர். அன்னிக்கு மேடையில என்னத் தெரியல, இப்பவும் தெரியல. பரவாயில்ல. ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கறேன் அத்தான். இருபது வருஷமா நடக்கறீங்க, மூணு நிறத்துல காய் சாப்பிடறீங்க. உங்க நெஞ்சுல எத்தன ஸ்டென்ட் இருக்கு?"

அத்தான் மேடத்தின் பக்கம் திரும்பினார்.

"அது... என் தனிப்பட்ட விஷயம்."

"என் நெஞ்சு மட்டும் ஆபீஸ் விஷயமா?" உருளைக்காரியின் குரல் உயரவில்லை. "மூணு மேடம். நான்தான் பதினஞ்சு நாள் கூட இருந்து பார்த்தேன். உங்க ஆலோசகர் சொன்ன அத்தனையும் செஞ்சார், அப்படியும் வந்துச்சு. ஆனா அவருக்குக் கார் இருந்துச்சு, ஒரு மணி நேரத்துல மேஜைமேல படுத்துட்டார். எனக்கு வெள்ளை மாத்திரை குடுத்தீங்க. எனக்கு இது ரெண்டாவது தடவை. முதல் தடவை என்னிக்கு வந்துச்சுன்னு தெரியணும்னா, இதோ இவர் நோட்டப் புரட்டிப் பாருங்க. பதினஞ்சு நிமிஷம் தாமதம்னு எழுதி வச்சிருக்கார்."

கடிகாரம் நோட்டை மேஜைக்குக் கீழே இறக்கிக்கொண்டார். அத்தான் டப்பாவைத் திறந்தார், மூடினார். மேடம், பரிசீலிக்கிறோம் என்றாள். பெரிய இடங்களில் கதவைச் சாத்துவதற்கு அதுதான் பெயர்.

ஆனால் கதவு சாத்திக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் நெட்டை. அடுத்த வாரம் கீழ்த்தளத்துக்குப் புது உறுதிமொழித் தாள் வந்தது. 'எனக்கு ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்கவில்லை' என்று ஒரு வரி கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள். ஓட்டல்காரர்கள் பாடம் கற்றுக்கொண்ட அழகு அது. நெட்டை தாளைக் கசக்கி உருளைக்குள் போட்டாள். கசங்கிய தாள் சுருக்கம் நீங்கி மொடமொடவென்று அந்தப் பக்கம் விழுந்தது. பதினெட்டுப் பெண்களும் கையெழுத்துப் போட முடியாது என்றார்கள். பழைய தாளையும் திருப்பிக் கொடு என்றார்கள். இரண்டு நாள் உருளை சும்மா சுற்றியது. மேலே முந்நூறு படுக்கைக்கு விரிப்பு இல்லாமல் போனதும், மனிதாபிமான அடிப்படையில் நோய் விடுப்பு வழங்கப்படுகிறது என்று அறிவிப்பு ஒட்டினார்கள்.

"மனிதாபிமானம் மூணாம் நாள்தான் எட்டிப் பார்க்கும் போலருக்கு" என்றாள் உருளைக்காரி.

அத்தானின் பேச்சுகளை ஓட்டல் நிறுத்திவிட்டது. அவர் பொய் சொன்னார் என்பதற்காக அல்ல. ஸ்டென்ட் வைத்தவர் ஆரோக்கியத்துக்கு நல்ல விளம்பரம் இல்லை என்பதற்காக. அவருக்குப் பதிலாக வயிறு ஒட்டிய இளைஞன் ஒருவன் வந்து மூச்சை இழுத்து விடக் கற்றுக் கொடுத்தான். அத்தான் கொழுந்தியாளின் முகத்தில் விழிக்கக் கூடாது என்று பெண்டாட்டிக்கு உத்தரவு போட்டார்.

மூன்று மாதம் கழித்து உருளைக்காரிக்கு ஆஞ்சியோ செய்ய ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருந்தார்கள். துணைக்கு ஒருவர் கட்டாயம் வர வேண்டும். நெட்டைக்கு விடுப்பு கிடைக்கவில்லை. தனியாகவே போய் யாரையாவது துணை என்று காட்டலாம் என்று அவள் கிளம்பும்போது, தெருமுனையில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். காரில் வரவில்லை. பஸ்ஸில் வந்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு பஸ் ஏறியதே இல்லை போலும், டிக்கெட்டைத் தாலி மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"நெட்டைதான் தேதியச் சொன்னா. அவருக்குத் தெரியாது" என்றாள்.

"தெரிஞ்சா மட்டும் என்ன, உன்னத் தூக்கிலயா போடுவார்?" என்றாள் தங்கை. வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இருவரும் பெஞ்சுக்காகக் காத்து நின்றார்கள். அக்கா வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உருளைக்காரியும் தற்செயலாகத் தரையைப் பார்த்தாள். வெள்ளைத் தரையில் வாசலிலிருந்து அவர்கள் நிற்கும் இடம் வரை, ஒன்றுவிட்டு ஒன்றாகச் சிவப்புத் தடம் வந்திருந்தது. அக்காவின் வலது காலில் வந்து முடிந்தது.

"கால எடு."

செருப்பின் அடியில் ஒரு அங்குல ஆணி ஏறி, உள்ளங்காலுக்குள் பாதி போயிருந்தது. சுற்றிலும் பழைய புண் ஒன்று கறுத்துக் கிடந்தது.

"வலிக்கலயாக்கா?"

"என்ன வலிக்கலயா?" என்றாள் அக்கா, குனிந்து பார்த்துவிட்டு. அவளுக்கு ஒன்றும் தெரியவே இல்லை.

உருளைக்காரி நிமிர்ந்தாள். "உனக்குச் சர்க்கரை எப்பப் பார்த்தாங்க?"

"எனக்கா? அவருக்கு மூணு மாசத்துக்கு ஒருதரம் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பாங்க. ஒரு தரம் எனக்கும் பாக்கலாமான்னு கேட்டேன். ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளி போதும்னார். சிரிச்சுக்கிட்டுதான் சொன்னார்." அக்கா கொஞ்சம் தயங்கினாள். "என் கைல தனியாக் காசு ஏதுடி? கேட்டு வாங்கணும்."

இத்தனை வருஷமாக அந்த மௌனத்தைப் பணக்காரியின் திமிர் என்று நினைத்திருந்தாள் தங்கை. இப்போது அந்த நினைப்பை விழுங்க முடியாமல் நின்றாள். ஆனால் நின்றுகொண்டிருக்க நேரமில்லை. அக்காவைத் தோளில் சாய்த்துக்கொண்டு சீட்டு எழுதுகிற இடத்துக்கு நொண்ட வைத்துக் கூட்டிப் போனாள்.

"என்ன வேலை?" என்றான் சீட்டு எழுதுகிறவன்.

அக்கா விழித்தாள். "வேலையா... நான் சும்மா வீட்டுல..."

"சம்பளமில்லாத வேலைன்னு எழுதுங்க" என்றாள் தங்கை. "காலு அவசரம். அப்படியே ஈ.சி.ஜி.க்கும் சேர்த்து எழுதுங்க."

அக்காவுக்குச் சர்க்கரை நானூற்றைத் தாண்டியிருந்தது. ஈ.சி.ஜி.யும் முழுசாகச் சுத்தமில்லை. உடனே படுக்கையில் சேர்த்தார்கள். தகவல் சொல்ல உருளைக்காரி அத்தானைப் போனில் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் முதலில் கேட்டது, "அப்படி என்னத்தச் சாப்பிட்டுத் தொலச்சா?" என்றுதான்.

"ஆணி ஏறினதே தெரியாத அளவுக்கு உங்க வீட்டுல அக்கா நடந்திருக்கா, அத்தான். எத்தன அடின்னு எண்ணிச் சொல்லட்டுமா?" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

உருளைக்காரிக்கு அன்று சாயங்காலமே ஆஞ்சியோ நடந்தது. ஒரு குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள், இன்னொன்றை மாத்திரையில் சமாளிக்கச் சொன்னார்கள். அக்காவின் வலது காலில் ஒரு விரலை எடுக்க வேண்டி வந்தது. மாரடைப்பு வருமுன் கண்டுபிடித்ததால் இதயம் தப்பித்தது. அத்தான் ஒரு நாள் கழித்துக் காரோடு வந்து, தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றிக்கொண்டு போனார். போகும்போது தள்ளுவண்டியில் படுத்திருந்த அக்கா, தங்கையின் கட்டிலருகே நிறுத்தச் சொன்னாள்.

"வீட்டுக்கு வந்ததும் சாவி ஒண்ணு உங்கிட்டக் குடுக்கறேன்" என்றாள், அவர் காதில் விழும்படி. "பின்வாசல் சாவி. நீ எப்ப வேணா வா."

அத்தான் வண்டியைத் தள்ளச் சொல்லி அவசரப்படுத்தினார். உருளைக்காரி திரும்பிப் படுத்துக்கொண்டு, நர்ஸிடம் தண்ணீர் கேட்டு வாங்கி, மரவில்லையை நினைக்காமல் ஒரு சொம்பு முழுக்கக் குடித்தாள்.